சவுதிக்குப் போகும் ஆவாரம்பூ

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைக்காத எரிச்சலில் இருந்தேன். எனக்கு முன்சீட்டில், மடியில் துணிப்பையோடு இருந்தவர், தன் பக்கத்தில் உட்கார வந்த வேட்டிக்காரரிடம் சொன்னார்:

"பார்த்து உக்காருங்க சார், சவுதிக்குப் போற பூ."

"அங்க யாருக்குத் தம்பி பூ?"

"ஆவாரம்பூ சார், டீ போட. எங்க அக்கா நிழல்லயே காய வெச்சது. வெயில்ல போட்டா நிறம் போயிடுமாம்."

"உங்களுக்குச் சுகரா?"

"எனக்கில்ல. அங்க என் ரூம்ல ஒரு பெங்காலி டிரைவர் இருக்காரு, அவருக்கு."

"எப்படிப் போடணும்னு அவருக்குத் தெரியுமா?"

"போன தடவை பூ கொண்டு போனப்பவே அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருச்சு. ஒரு பிடி பூ, ரெண்டு டம்ளர் தண்ணி, பாதியா சுண்டணும். ஏலக்காய் ஒண்ணு தட்டிப் போடணும், பால் ஊத்தக் கூடாது. டாக்டர் குடுத்த மாத்திரைய மட்டும் நிறுத்தவே கூடாதுன்னு."

"தமிழ்லயா?"

"தமிழ்லதான். நான் ஒரு தடவை ஹிந்தில சொல்லிக் குடுத்துட்டேன். ஆனாலும் தினம் காலையில அடுப்புல தண்ணி வெச்சதும் அந்த மெசேஜப் போட்டுடுவாரு. கடைசியில 'நிறுத்தவே கூடாது'ன்னு வரும்ல, அதை மட்டும் அக்காவோட சேர்ந்து அவரும் சொல்லுவாரு சார். தமிழ்ல."