அப்பா சொன்னதும் நான் சொன்னதும்

படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு முடி வெட்டுவது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. தலையணை மேல் பழைய செய்தித்தாளை விரித்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, அந்தப் பாதி முடிந்ததும் மறுபக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருஷமும் அப்பாவுக்கு நான்தான் வெட்டினேன். அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார், வேண்டுமானால் பாருங்கள்.

நீங்கள் கேட்க வந்தது உயிலைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று முப்பத்தொரு வருஷம் ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது வாயும் கோணிக்கொண்டது. பேசினார், ஆனால் மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அதில் மாயம் ஒன்றுமில்லை. நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தால் யாருக்கும் புரியும், வேறு யாரும் இருக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் அவர் பேசியதைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். தண்ணீர் கேட்கிறார், மின்விசிறியைக் குறைக்கச் சொல்கிறார், உங்கள் பையன் பரீட்சை நன்றாக எழுதினானா என்கிறார். முதல் மாதம் வரைக்கும் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன்.

பிறகு அவர் என் தங்கையைக் கேட்க ஆரம்பித்தார்.

தங்கை பதினோரு வருஷத்துக்கு முன் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்று அவளிடம் சொன்னது அப்பாதான். எனக்கு வந்த வரன்களையெல்லாம், அம்மாவுக்கு உடம்பு தேறட்டும் என்று தட்டிக் கழித்ததும் அப்பாதான். அம்மா தேறவில்லை. அம்மா போனாள், இவர் விழுந்தார், நான் வேலையை விட்டேன். அந்தக் கோணல் வாயிலிருந்து முதன்முதலில் தெளிவாக வந்த சொல் என்ன தெரியுமா? குட்டி. அவளுடைய செல்லப் பெயர்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "பாருங்கக்கா, ஆறு மாசத்துல எல்லாருக்கும் புரியுற மாதிரி பேசிடுவார்" என்றாள். அப்பா ரொம்பக் களைத்துப்போகிறார் என்று சொல்லி, அடுத்த வாரத்திலிருந்து அவளை நிறுத்திவிட்டேன். வேண்டியதை விரலால் தொட்டுக் காட்ட அவள் ஒரு பட அட்டை கொடுத்திருந்தாள். அதை அலமாரி உச்சியில் போட்டேன். கொஞ்ச நாள் அப்பா அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி நின்றதும் தெளிவாக வந்த அந்த ஒரு சொல்லும் மறுபடி குழறிப்போனது.

எனக்கு வலித்தது, அதை மறைக்க மாட்டேன். வாயைத் துடைத்துவிட்டால் குட்டி எங்கே, துணி மாற்றினால் குட்டியை வரச் சொல். நீ சாப்பிட்டாயா என்று ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் எனக்குப் போதும். அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவளுடைய தொலைபேசி எண் என் கைப்பையில் இருந்தது.

உயில் எழுத வக்கீல் வந்தார். நிதானமான மனிதர், அவரைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் சொல்வதை மட்டும் வைத்து எழுத மாட்டேன், உங்கள் அப்பா வாயால் வராவிட்டாலும் சைகையாவது வேண்டும் என்றார். கூடத்திலேயே, அப்பா காதில் விழாத இடத்தில், வக்கீலிடம் சொல்லிவைத்தேன்: அப்பா கண்ணை மூடினால் சம்மதம் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக் கதை அவருக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் வாக்குவாதம் செய்ய மாட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். "உங்கப்பா கடையைச் சாத்திட்டார், இனி வியாபாரம் இல்ல" என்று அம்மா சிரிப்பாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தே வளர்ந்தோம்.

வீடு முழுவதும் பெரிய மகளுக்கா என்று வக்கீல் கேட்டார். அப்பா, பாதி குட்டிக்கு என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்படியே எழுதச் சொல்கிறார் என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் மாற்றிச் சொல்வது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வக்கீல் குனிந்து, "ஐயா, இதுல உங்களுக்கு முழுச் சம்மதம்தானே?" என்று இன்னொரு தடவை கேட்டார். அப்பா கண்ணை இறுக்கி மூடினார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. பெற்ற பாசம் என்று வக்கீலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைரேகை வைக்க அப்பா இடது கையைத் திறக்கவில்லை. மணிக்கட்டை உட்பக்கமாக மடக்கினால் மூடின விரல் தானாகப் பிரியும். பயிற்சிக்கு வந்த பெண் கற்றுக்கொடுத்தது. கை மரத்துப்போயிருக்கு, நானே பிடிச்சுக்கறேன் என்று சொல்லி, வக்கீலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். கட்டைவிரல் ரேகை அழகாக விழுந்தது.

நீங்கள் இதற்கு மட்டும்தான் வந்தீர்கள். இன்னொன்றும் இருக்கிறது, அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

நான்கு மாதம் கழித்து யாரோ சொல்லித் தங்கை வந்தாள். ஒரு மத்தியான வேளை. கதவைத் திறந்தேன், அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். "அக்கா, அப்பாவை ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள். அவள் குரல் அறைக்குள் கேட்டிருக்கிறது. அப்பா கூப்பிட ஆரம்பித்தார். குட்டி வா, உள்ள வா, அக்கா பேச்சைக் கேக்காதே, உள்ள வா.

அவள் காதுக்கு அது வெறும் சத்தம். பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா என்னக்கா சொல்றார்?"

"உன்னைப் போகச் சொல்றார்."

அப்பாவுக்கு அது கேட்டது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினார். கத்தக் கத்த அவள் அதைக் கோபம் என்று நினைத்தாள். இவ்வளவு வருஷம் ஆகியும் மனசு மாறலையா என்று அழுதாள். ஒரு பத்து அடி நடந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பாள். நடக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அவள் தெருமுனை திரும்பிய பிறகும் அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் போய் முகத்தைத் துடைத்துவிட்டேன், தலையணையைத் திருப்பிப் போட்டேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். உயிலில் இருப்பது அவருடைய விருப்பமில்லை. தங்கையிடம் நான் சொன்னது அவருடைய வார்த்தையில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வீட்டையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். அது எனக்கு எதற்கு?

அன்றைக்குப் பிறகு அப்பா பேசவில்லை. பதினான்கு மாதம் இருந்தார். வேளைக்கு ஊட்டினேன், மருந்து தவறவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தேன். நான் அவரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்பாவுக்கு என்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. இருந்திருந்தால் அந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பார்.