டியூப் இன்னைக்கு இருக்கட்டும்

இல்ல சிஸ்டரு, அந்தத் தட்ட அங்கன மேசையில வச்சிட்டு ஒரு நிமிசம் இங்கிட்டு வாங்க. உள்ள போவேணாம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு அந்த மூத்திர டியூப இப்ப எடுக்காதீக. மெல்லப் பேசுங்க தாயி, அவுக காதுல விழுந்துரும்.

பெரிய டாக்டரு சொல்லிட்டாருங்கீக, நான் இல்லங்கல. புத்துநோய்னு முக்காவாசி இரைப்பைய வெட்டி எடுத்த மனுசனுக்கு எத எப்ப செய்யணும்னு உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுது. ஆனா வலி மருந்துக்குன்னு முதுகுல ஒரு சின்னக் குழாய் சொருகி வச்சிருக்கீகள்ல, அது இன்னும் இருக்கே. அத எடுத்த பெறகுதான் இத எடுப்பாகன்னு பக்கத்துக் கட்டில்காரம்மா சொன்னாக. அப்பிடியா? இப்பல்லாம் அதுக்குக் காத்துக்கிட்டு இருக்கிறதில்லையா? நாள் போகப் போகக் கிருமி ஏறும், காய்ச்சல் வரும்ங்கீக. சரி.

அப்ப இன்னொண்ணு கேளுங்க. அவுக பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து கலக்குறவுக. காலையில மருந்துல கைய வச்சாகன்னா முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டாக. அடக்கி அடக்கியே பழகுன ஒடம்பு. டியூப எடுத்துட்டு, மூத்திரம் வரலன்னு திரும்பச் சொருகுனீகன்னா மனுசன் வெறுத்துப் போயிருவாக. படுக்கையிலயே கேனு வைக்கிறதா? ஊகூம், பொம்பளைக நடமாடுற எடத்துல அதுக்கு ஒத்துக்கிற மாட்டாக. பாத்ரூமுக்குத்தான் போவேன்னு நிப்பாக. நீங்களும் நடக்கணும் நடக்கணும்னுதான சொல்லுதீக. அதான் சிஸ்டரு வேணாங்குதேன். அவுக இன்னைக்கு அந்த வராண்டாவுல நடக்கக் கூடாது. பாத்ரூமுக்கு முன்னாடி ஒரு சன்னல் இருக்குல்ல, அங்கன போயி நிக்கவே கூடாது.

ஏன்னா கேக்கீக? சொல்லுதேன், இருங்க.

நேத்து மத்தியானம் ஒரு சத்தம் கேட்டுச்சே. நீங்க லீவா? இங்கன கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு. விஸ்வநத்தம் பக்கம். கண்ண மூடிப் படுத்திருந்தவுக பொசுக்குன்னு முழிச்சு, இது மருந்து ரூமுடி, குடோன் இல்லன்னாக. சத்தத்த வச்சே சொல்லிருவாக. வெயில் ஏறுன பெறகு மருந்தத் தொடக் கூடாதுன்னு தெரியாதா, எந்த அறிவுகெட்ட பய இந்த உச்சி வெயில்ல கலந்தானோன்னு வைஞ்சாக. நானும் ஆமான்னுட்டு, துணிய நனைச்சு அவுக ஒதட்டத் தொடச்சு விட்டேன்.

அப்பருந்து கேக்காக, கதிரவன் எங்கடின்னு. எங்களுக்கு ஒத்தப் பய அவன். லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். போனக் குடு, பேசணும்ங்காக. சார்ஜ் இல்லன்னேன். மூஞ்சி ஏன் வீங்கியிருக்குங்காக. தூக்கமில்லன்னேன். எம்புட்டுப் பொய்தான் சொல்ல.

மருந்து கலக்குறவுக படுத்துட்டாகன்னா அந்த எடத்துல வெளியாள உக்கார வைக்க மாட்டாக தாயி. வீட்டாளுதான் போகணும். கைப்பக்குவம் அந்த வீட்டுலதான் இருக்கும்னு ஒரு நெனப்பு. சீசன் நேரம் வேற. இவுக ஆஸ்பத்திரிக்கு வந்ததுல இருந்து அவந்தான் போனான். விடியக்கருக்கல்ல போயி, வெயிலுக்கு முன்னாடி கலந்து முடிச்சிட்டு இங்கன வந்து நிப்பான். அப்பா சொன்ன சொல்லத் தாண்ட மாட்டான்.

நேத்து மட்டும் விடியக்கருக்கல்ல போகல. காலையில டியூப எடுத்துருவோம், பிடிச்சு நடக்க வைக்க ஒரு ஆம்பள ஆளு இருக்கட்டும்னு இங்கன சொன்னாக. அப்பாவ நாந்தான் கூட்டிட்டுப் போவேன்னு கட்டிலுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தான். டாக்டருக்கு ஏதோ அவசர ஆபரேசன் வந்துருச்சு போல, ரவுண்ட்ஸே வரல. நாளைக்குப் பாத்துக்கிருவோம்னுட்டாக. அதுக்குள்ள வெயில் சுள்ளுன்னு ஏறிருச்சு. ஆர்டர் நிக்குதுன்னு கம்பெனியில இருந்து போன் மேல போன். செத்த நேரத்துல கலந்து குடுத்துட்டு வந்துருதேம்மான்னு போனான். ஒரு வாய் சாப்பிடக்கூட இல்ல.

உங்களக் குத்தம் சொல்லல சிஸ்டரு. அவசரம்னு வந்தவுகளத்தான டாக்டரும் பாப்பாரு. பெத்தவ, அதான் சொல்லிட்டேன். கண்ணத் தொடைங்க தாயி, இந்த மொகத்தோட உள்ள போனா அவுக கண்டுபிடிச்சிருவாக.

அந்தச் சன்னலுக்கு நேர் கீழதான் பிணவறை. எங்க தெரு சனம் அம்புட்டும் அங்கனதான் நிக்கிது. அறுத்து முடிச்சிட்டாகளாம், துணி சுத்திக்கிட்டு இருக்காகன்னு இப்பத்தான் ஆளு வந்து சொல்லிட்டுப் போச்சு. நான் இன்னும் கீழ எறங்கல. எறங்குனா அழாம ஏறி வர முடியாது. காய்ச்சல் வந்தா வரட்டும், அதுக்கு உங்ககிட்ட ஊசி இருக்கு. அவன வண்டியில ஏத்தி, கேட்டத் தாண்டுன பெறகு நானே வந்து உங்களக் கூப்பிடுதேன். அப்ப எடுத்துருங்க.