எதிர் நாற்காலிக்கும் ஒரு தட்டு

கப்பலில் சோறு நன்றாக இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரம் வெளியே வந்த பிறகு சமையல்காரர்கள் மீது யாரும் குறை சொல்லிவிடக் கூடாது. நடுக்கடலில், கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போதும் அரிசி பதமாக வெந்து வந்தது. அது லேசான காரியமில்லை.

என் பெயர் குராமோச்சி செய்ஜி. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் புகார்த் தொலைபேசியை எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். யார் வீட்டுக் குழாய் உடைந்தாலும் மன்னிப்புக் கேட்டது நான்தான். அதனால், இன்ஸ்பெக்டர், நீங்கள் குரலை உயர்த்தினாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. பழக்கம்தான்.

யோகோஹாமாவிலிருந்து வான்கூவருக்குப் போகும் சொகுசுக் கப்பல் அது. தனியாக வருகிறவர்களுக்கு அதில் தனி மரியாதை உண்டு. ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை கொடுத்து, யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்வார்கள். மரியாதை அளவு மீறினால் தண்டனை மாதிரி ஆகிவிடும். முதல் வேளை எதிரே ஒரு காலி நாற்காலி இருந்தது. அதற்குப் பின்னால் வடபசிபிக் இருந்தது. இரண்டும் என்னோடு பேசவில்லை.

என் மனைவி மிசாவோவின் படத்தைப் பையிலிருந்து எடுத்து எதிரே வைத்தேன். பரிமாறுபவர் கனாய் வந்தார். ஐம்பது வயதிருக்கும், குனிந்து குனிந்தே தேய்ந்துபோனவர்.

"இன்னொரு தட்டு கிடைக்குமா?" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடுப்பு மடியக் குனிந்தார். "கொண்டு வரேங்கய்யா. அம்மாவுக்கு மீனா, கோழியா?"

"மீன். கோழி அவளுக்கு ஆகாது."

"ஆகட்டுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இந்தத் தட்டு வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். வெளியூர் போனவர் பசியாறட்டும் என்று வீட்டில் அவர் இடத்தில் ஒரு தட்டு வைப்பது. நான் பிறந்தது வடக்கே குஷிரோவில். அப்பா சால்மன் படகில் இதே கடலுக்குப் போகும்போதெல்லாம் அம்மா அவருக்குத் தட்டு வைப்பாள். சாப்பாடு முடிந்ததும் சூப்புக் கிண்ணத்தின் மூடியைத் திருப்பிப் பார்ப்பாள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் போனவர் நலம். அவ்வளவுதான் செய்தி, அப்போதெல்லாம் வேறு செய்தி கிடையாது. செத்தவர்களுக்கும் இதே தட்டைத்தான் வைக்கிறோம். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். நம் ஆட்கள் இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்பது அநாகரிகம்.

மறுநாள் காலை நிரசாவா சான் வந்தார். நகோயாவில் சலவைக் கடை வைத்திருந்தவர், கணவரை இழந்தவர். மூன்றாவது நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு, முதலில் படத்துக்கு வணக்கம் வைத்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா, உங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காரப் போறேன். கவலைப்படாதீங்க, எனக்கு எழுபத்திரண்டு வயசாச்சு. இவரும் பாக்க அப்படி ஒண்ணும் இல்ல."

கனாய் தட்டு வைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மனுஷர் நீங்க, குராமோச்சி சான். என் வீட்டுக்காரர் போனப்ப நான் தட்டெல்லாம் வைக்கல. உயிரோட இருந்த வரைக்கும் வச்சது போதும்னு விட்டுட்டேன். அவர் போனப்புறம்தான் மீன்ல நடுத்துண்டு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரிஞ்சுது."

நான் சிரித்தேன். அதற்கு முன் எப்போது சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சூப்பு ஆறிப்போகும் அளவுக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

அதன்பின் அந்த மேசை சின்ன மேசையாக இருக்கவில்லை. பல் டாக்டர் ஒருவர் மனைவியோடு வந்து சேர்ந்தார். தாழ்வாரத்தில் முன்பின் தெரியாதவர்கள் எனக்கு வணக்கம் சொன்னார்கள். "அந்தப் படத்துக்காரர்" என்று பெண்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. நிரசாவா சான் என் சட்டைக் காலரைச் சரிசெய்வார். "இதையா இஸ்திரின்னு சொல்றீங்க? கடைய வித்தது தப்பாப் போச்சு" என்பார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மிசாவோ அப்போது சாகவில்லை. யோகோஹாமாவில், எங்கள் வீட்டு உள்ளறையில், அநேகமாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் செத்துவிட்டாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

அவளுக்கு ஞாபகம் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. என்னைப் பார்சல் கொண்டுவருகிறவன் என்று நினைத்திருந்தாள். நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம் "முத்திரை எங்க குத்தணும்?" என்று கேட்பாள். நான் ஏதாவது ஒரு தாளை நீட்டுவேன். அவள் தன் பெயர் முத்திரையைக் குத்திவிட்டு, "ரொம்ப தூரத்துலேருந்து வரீங்களா, பாவம்" என்பாள். எங்களுக்குள் பேச்சு என்றால் அதுதான். சமையலறைக்கும் அவள் அறைக்கும் இடையில் ஒரு நாளில் நான் எத்தனையோ முறை ரொம்ப தூரத்திலிருந்து வந்தேன்.

கப்பல் பயணம் அவள் ஆசை. நல்ல நிலையில் இருந்தபோது விளம்பரப் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டுவாள். அவளால் இனிமேல் முடியாது. ஆசையை யாராவது ஒருவர் நிறைவேற்றத்தானே வேண்டும்.

பராமரிப்பு இல்லத்தில் விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். ஒரு முறை விட்டேன். அவள் ஒரு கிழவரின் கையைக் கடித்துவிட்டாள். நான் பழவகைகள் வாங்கிக்கொண்டு அவருடைய உறவினர்களிடம் வீடு வீடாக மன்னிப்புக் கேட்கப் போனேன். மற்றவர்களுக்குச் சிரமம் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் இந்த முறை யாருக்கும் சிரமமில்லாமல் ஏற்பாடு செய்தேன். வீட்டுக்கு வரும் உதவிப் பெண்ணிடம் நாங்கள் இருவரும் பயணம் போகிறோம், வர வேண்டாம் என்றேன். இதை மட்டும் பொய் என்று நீங்கள் சொல்லலாம். படத்தை எடுத்துப்போனேன் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் இனிப்புப் பெட்டி கொடுத்து அதையே சொன்னேன். "மிசாவோ சான் குடுத்து வச்சவங்க" என்றார்கள். பத்திரிகையை நிறுத்தினேன். குப்பையைப் பிரித்து, எரிவதை எரிவதற்குரிய நாளிலும் பாட்டில்களைப் பாட்டில்களுக்குரிய நாளிலும் போட்டேன். எரிவாயுவை மூடினேன். தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்கும் பரவும். தண்ணீரை மூடவில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள். வெளியூர் போகும்போது வால்வை மூடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அப்படியும் மூடவில்லை.

சோற்று உருண்டைகள் செய்து குளிர்பெட்டியில் வைத்தேன். குளிர்பெட்டியைத் திறப்பது எப்படி என்பது அவளுக்கு மறந்துபோய் நாளாகிவிட்டது. தெரியும். ஆனாலும் ஒன்றும் வைக்காமல் கிளம்பினால் நன்றாக இருக்காது.

கதவை வெளியே பூட்டினேன். அவள் தெருவில் இறங்கி அலைந்தால் உங்களுக்குத்தான் வேலை.

கப்பலில் மூன்று வேளையும் அவளுக்குத் தட்டு வைத்தேன். ஒரு வேளை தவறவில்லை. மூடியைத் திருப்பிப் பார்ப்பேன். துளிகள் இருக்கும். நலம். நீங்கள் சிரிக்கவில்லை, நன்றி. சூப்பு சூடாக இருந்தால் எந்த மூடியிலும் துளி இருக்கும் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். குடிநீர்ப் பிரிவில் இருந்தவனுக்கு நீராவி தெரியாதா?

சொல்லிவிடலாம் என்று நினைத்ததுண்டு. நிரசாவா சான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கப்பலிலிருந்து தொலைபேசி போகும், கதவு திறக்கும். வாயைத் திறப்பேன். அவர், "என்ன, உப்புக் கம்மியா?" என்று உப்பை நகர்த்துவார். சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். பல் டாக்டர் போய்விடுவார். மறுபடி அந்த மேசையில் நானும் கடலும்தான். அதனால், "ஆமா, கொஞ்சம் கம்மி" என்பேன்.

தேதி மாறும் கோட்டைக் கடக்கும்போது ஒரே தேதி அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தது. முதல் நாள் மதியம் சமையல்காரர் விசேஷமாக ஏதோ செய்வதாக நினைத்து, குளிர்ந்த உருளைக்கிழங்கு சூப்பு வைத்தார். மூடியைத் திருப்பினேன். காய்ந்திருந்தது.

கனாயைக் கூப்பிட்டு, "இதைச் சூடு பண்ணிக் கொண்டு வாங்க" என்றேன்.

"இது சில்லுன்னுதாங்கய்யா சாப்பிடணும்."

"அவளுக்குச் சில்லுன்னு ஆகாது."

கனாய் சூடாக்கிக்கொண்டு வந்தார். மூடி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து திறந்தேன். துளிகள் வந்துவிட்டன.

"அவங்க மேல இப்பவும் எவ்வளவு அக்கறை பாருங்க" என்றார் பல் டாக்டரின் மனைவி, தன் கணவரை முறைத்தபடி.

இரண்டாம் நாள் நிரசாவா சானின் ஏற்பாடு. "இது உபரியா வந்த நாள், யாருக்கும் சொந்தமில்ல. செத்தவங்களுக்குக் குடுத்துடலாம். மிசாவோ சானுக்கு ஒரு நினைவு விருந்து வைப்போம்" என்றார். கப்பலில் ஊதுவத்தி கொளுத்தக் கூடாது என்பதால் பேட்டரி விளக்கு ஒன்று வைத்தார்கள். கனாய் எங்கிருந்தோ வெள்ளைப் பூ கொண்டு வந்திருந்தார்.

"எப்ப தவறினாங்க?" என்று நிரசாவா சான் முந்தின நாளே கேட்டிருந்தார். "அது இன்னும் தெரியல" என்றேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கை இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்த கை. சூடாக இருந்தது.

எல்லோரும் சாக்கே மதுக் கிண்ணத்தைத் தூக்கினார்கள். பல் டாக்டர் மெதுவாக, "கடைசியா என்ன சொன்னாங்க?" என்றார்.

அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. மகிழ்ச்சியோடுதான் சொன்னேன். வீட்டிலிருந்து கிளம்பிய அன்று காலை நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மிசாவோ அறை வாசலுக்கு வந்து நின்றாள். முத்திரை கேட்கவில்லை. பல வருடம் கழித்து என்னை நேராகப் பார்த்து, பழைய குரலில், "போயிட்டு வாங்க" என்றாள்.

பல் டாக்டரின் மனைவி அழுதார். கனாய் திரும்பி நின்றுகொண்டார். நிரசாவா சான் மட்டும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கவா? போறவங்க 'போயிட்டு வரேன்'னு சொல்லுவாங்க. இருக்கறவங்கதானே 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவாங்க? போனது அவங்க. அப்புறம் உங்களை எதுக்குப் போயிட்டு வரச் சொன்னாங்க?"

"நான் கிளம்பினேனே" என்றேன்.

"எங்க?"

"கப்பலுக்கு."

"அவங்க இப்ப எங்க?"

"வீட்டுல."

"வீட்டுலன்னா... அஸ்தியா?"

"இல்ல. ஆளா."

நிரசாவா சான் என் முகத்துக்கு மிக அருகில் வந்து, குழந்தையிடம் கேட்பது போல, "யார் பாத்துக்கறாங்க, குராமோச்சி சான்?" என்றார்.

"பூட்டிட்டு வந்திருக்கேன்" என்றேன்.

அவர் ஓடினார். எழுபத்திரண்டு வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு செருப்பு மேசைக்கடியிலேயே கிடந்தது. கனாய் எதிர்த் தட்டை எடுக்க வந்தார். "அவ இன்னும் சாப்பிடல" என்றேன். எடுத்துவிட்டார். அந்த ஒரு முறைதான் அவர் குனியவில்லை.

மற்றது உங்களுக்கே தெரியும். கதவை உடைத்தது உங்கள் ஆட்கள். அவள் குளியலறைக் குழாயைத் தானே திறந்து குடித்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. குழாய் திறப்பதும் அவளுக்கு மறந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆம், நினைத்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் உயிர் போனது கதவை உடைத்ததற்கு முந்தின நாள் காலையிலிருந்து மதியத்துக்குள் என்று மருத்துவர் சொல்கிறாராம். சூப்பு குளிர்ந்திருந்த நாள். நான் உடனே சூடு பண்ணச் சொன்னேன். அன்றைக்கு ஒரு மனிதன் வேறென்ன செய்ய முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கொன்றீர்களா என்று நேராகக் கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன். கொன்றேன். உதவிப் பெண்ணை நிறுத்தியபோது தெரியும். கதவைப் பூட்டியபோது தெரியும். நடுக்கடலில் ஒவ்வொரு வேளையும், உப்புக் கம்மி என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தெரியும். அந்த மேசையில் இன்னும் ஒரு வேளை உட்கார வேண்டும் என்று இருந்தது. ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரே ஒரு வேளை என்றுதான் நினைத்தேன்.

கடைசி நாட்களில் என்னை அறையிலேயே வைத்திருந்தார்கள். நிரசாவா சான் ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. அவரை ஏமாற்றியது போல ஆகிவிட்டது. நகோயா முகவரி உங்களிடம் இருக்கும். ஒரு தகவல் மட்டும் சேர்த்துவிடுங்கள். இப்போது நான் உண்மையாகவே மனைவியை இழந்தவன். இனி எங்களுக்குள் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து என்னைப் பார்க்கலாம்.