மூன்றாம் வருஷத்துக் கிண்ணம்

எங்கள் பந்தயத்தின் பரிசு ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம், ஐயா. பாயசம் ஊற்றினால் மூன்று கரண்டி பிடிக்கும், அவ்வளவுதான். வருஷா வருஷம் சித்திரையில் ஆம்பூரிலிருந்து வேலூர் வரை சைக்கிள் விடுகிறோம். பிழைப்புக்காக ஓட்டுகிறவர்கள் யாரும் இல்லை. வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், ஆஸ்பத்திரி ஆட்கள். தோல் வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயிப்பவனுக்குக் கிண்ணம் நிரந்தரமாகச் சொந்தம் என்பது சங்கத்து விதி. போன இரண்டு வருஷமும், முப்பத்திரண்டிலும் முப்பத்துமூன்றிலும், நான் ஜெயித்தேன். இரண்டு தடவையும் ஜார்ஜ் இரண்டாவதாக வந்தான்.

இந்த வருஷம் தை மாதம் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழி ஓரம் வழுக்கி விழுந்து என் இடது முழங்கால் சில்லு உடைந்தது. ஆறு மாதம் பெடலைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். பந்தயத்துக்கு இருந்ததோ மூன்று மாதம். ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிறவன். தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, எண்ணெய் தேய்த்து மடக்கி நீட்டிப் பழக்குவான். கூடப்பிறந்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான். அவன் நல்லவன் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

ஒரு நாள் அவனே சொன்னான்: "உனுக்குக் காலு சரியில்லாதப்ப நான் ஜெயிச்சா அது இன்னா ஜெயிப்புண்ணே? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தாத்தான் போட்டி."

நியாயமான பேச்சு. கேட்கவே எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. என் காலை அவன் கால் மாதிரி ஆக்க மூன்று மாதம் போதாது. அவன் காலை என் கால் மாதிரி ஆக்க அரை நாள் போதும்.

பாதம் நழுவாமல் இருக்க, அதைப் பெடலோடு சேர்த்துத் தோல் வாரால் கட்டிக்கொண்டு ஓட்டுவது எங்கள் வழக்கம். எல்லாருக்கும் வார் வெட்டிக் கொடுப்பவன் நான். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. இந்தத் தடவை ஜார்ஜின் இடது காலுக்கு மட்டும் பதனிடாத ஆட்டுத்தோலில் வெட்டினேன். ஈரமாக இருக்கும்வரை பச்சைத் தோல் துணி மாதிரி வளையும். வெயிலில் காய்ந்தால் சுருங்கிக் கட்டையாகிவிடும். ஆவாரம்பட்டைச் சாறு பூசி மற்ற வார்களின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். வாடை அடித்தது, அதை நான் மறைக்கவில்லை. எங்கள் ஊரில் காற்றே அந்த வாடைதான். ஜார்ஜ் மோந்துகூடப் பார்க்கவில்லை.

சோதித்துப் பார்க்காமல் ஒரு பொருளைக் கொடுப்பவன் அல்ல நான். கசாப்புக் கடையில் ஆட்டுக்கால் வாங்கி, வாரைச் சுற்றி வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் பிடித்தது, இரண்டு மணி நேரத்தில் எலும்புவரை இறங்கியது. வழியில் மாதனூரில் வலிக்கும், பள்ளிகொண்டாவில் மரத்துப்போகும் என்று தெரிந்துகொண்டேன். அந்தக் காலை வீணாக்காமல் சூப் வைத்தோம். எலும்புக்கு நல்லது என்று ஜார்ஜ் தன் பங்கையும் எனக்கே ஊற்றினான்.

கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் அன்று ஒன்பது மணிக்குத்தான் வந்தார். நல்லதாயிற்று, வெயில் ஏறிவிட்டது. ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த ஜார்ஜின் வாரை எடுத்து, நானே குனிந்து, கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். குனியும்போது முழங்கால் வலியில் உயிர் போயிற்று. அதை யாரும் பாராட்டவில்லை.

பள்ளிகொண்டா வரை நாங்கள் இருவரும் முன்னால் போனோம். அதற்குமேல் என் கால் மடங்கவில்லை. ஜார்ஜ் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்து, முதுகில் கை வைத்துத் தள்ள ஆரம்பித்தான். எனக்கு எரிச்சலான எரிச்சல். பிறர் உதவி பெற்றவன் பந்தயத்திலிருந்து விலக்கப்படுவான் என்று விதி இருக்கிறது.

"கைய எட்றா" என்றேன்.

"வலிக்குது உனுக்கு, சும்மா வாண்ணே" என்றான். அவன் முகம் அப்போதே வெளுத்திருந்தது.

விரிஞ்சிபுரம் நெருங்கும்போது, "அண்ணே, காலு இருக்கிறதே தெரியல. வார அவுக்கவும் முடியல. கொஞ்சம் அறுத்து உடேன்" என்றான். என் இடுப்பில் தோல் சீவும் கத்தி இருந்தது. இறங்கினால் பின்னால் வரும் ஏழு பேரும் முந்திவிடுவார்கள். "வேலூர்ல அவுத்துக்கலாம்" என்றேன். கொஞ்ச தூரத்தில் சைக்கிளோடு சாய்ந்தான். நான் நிற்காமல் ஒற்றைக் காலால் மிதித்தே வேலூர் போய்க் கிண்ணத்தை வாங்கினேன்.

அந்த ஏழு பேரும் அவனைத் தூக்க இறங்கிவிட்டார்கள். பந்தயத்தில் பற்று இல்லாதவர்கள். வார் சதைக்குள் இறங்கியிருந்ததால், கத்தி வைக்கப் பயந்து, சைக்கிளோடு சேர்த்தே மாட்டுவண்டியில் ஏற்றினார்களாம். வண்டி ஆடி அசைந்து வேலூர் போய்ச் சேர்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

மறுநாள் பார்க்கப் போனேன். "உன் முட்டி எப்படிக்கீதுண்ணே? இனிமே யாரு மடக்கி உடுவாங்க?" என்று கேட்டான். வாரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வெயிலில் தானே அதை இழுத்து இறுக்கிவிட்டதாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சங்கத்துக்காரர்கள் வந்து விசாரித்தபோது, "அண்ணன் கஷ்டப்பட்டாரு, நான்தான் தள்ளினு போனேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டான். கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், ஐயா.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் போலீஸ் ஸ்டேஷன் படியேறி வந்தேன். ஒருவன் காலையே நான் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவன் கை எனக்கு உதவியது என்று எப்படிச் சொல்லலாம்? வாரை வெட்டியது நான், கட்டியது நான், கத்தி இருந்தும் அறுக்காமல் போனது நான். தொடக்கத்திலிருந்து முடிவுவரை எல்லாம் என் ஒருவன் முயற்சி, வேறு யாருடைய உதவியும் இல்லை. இதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சங்கத்துக்கு ஒரு நகல் அனுப்பிவையுங்கள்.