கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

மாலையின் பாரத்தையும் மாசி வெயிலின் காரத்தையும் ஒருசேரத் தாங்கித் தலைமையேற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், அரிசி ஆலை அதிபர் ஐயா பக்தவத்சலம் அவர்களே! ஏறுவோருக்கு ஏணியாகவும் ஏய்ப்போருக்குப் பிரம்பாகவும் விளங்கும் தலைமையாசிரியர் ராமானுஜம் ஐயா அவர்களே! என் பிழைகளையெல்லாம் திருத்தி, என்னை மட்டும் திருத்த முடியாமல் விட்டுவிட்ட தமிழாசிரியை சியாமளா அம்மா அவர்களே! செங்கல்பட்டின் சான்றோர்களே! திருக்கழுக்குன்றத்திலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் பேருந்தில் பிதுங்கி வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் விசிலடிக்க விரலை வாயில் வைத்திருக்கும் தோழர்களே! விரலை எடுங்கள், இன்று வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு உப்பிலியின் பணிவான வணக்கம்.

அன்றாடம் புழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதற்கு ஈடான தமிழ்ச் சொற்களை எடுத்துரைக்க வேண்டும் என்பது தமிழ் மன்றத்தின் கட்டளை. நான் எடுத்த சொல் அட்ஜஸ்ட்.

சரிசெய், பொருத்து, ஒழுங்குபடுத்து என்கிறது அகராதி. அகராதி எழுதியவர் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்கு வந்ததில்லை போலும்! "இன்னா மச்சான் படியில தொங்கிகினு வர? அட்ஜஸ்ட் பண்ணி உள்ள ஏறு" என்கிறாரே நடத்துநர், அங்கே அதற்குப் பொருள் ஒற்றைக் காலில் நில் என்பது. "அண்ணாத்த, ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறாரே தையற்காரர், அங்கே அதற்குப் பொருள் பண்டிகைக்குப் பழையதையே உடுத்து என்பது. கல்யாணப் பந்தியில் சொன்னால் பாயசம் தீர்ந்தது. ரேஷன் கடையில் சொன்னால் பாமாயில் வரவே இல்லை. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் இதுவரை சிரித்துக்கொண்டுதான் பேசினேன்.

ஆனால் பெரியோர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தச் சொல்லைச் சொல்பவர் யார்? கேட்பவர் யார்? உட்கார்ந்திருப்பவர் நிற்பவரைப் பார்த்துச் சொல்கிறார். உண்டவர் பசித்தவரைப் பார்த்துச் சொல்கிறார். நின்றவர் உட்கார்ந்தவரைப் பார்த்துச் சொன்னதுண்டா? மாணவி ஒருத்தி தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னதுண்டா? சொல்லத்தான் முடியுமா? மடையிலிருந்து வயலுக்குப் பாயும் ஏரித் தண்ணீர்போல, இந்தச் சொல் மேலிருந்து கீழே மட்டுமே பாய்கிறது.

நம் பள்ளியில் அது பாய்ந்த கதையைச் சொல்கிறேன்.

நம் பள்ளியின் கிழக்கு மதிலோரம் ஒரு கட்டடம் இருக்கிறது. கான்கிரீட் கூரை, கெட்டியான கதவு, குழாய், உள்ளே தாழ்ப்பாள். மாணவியருக்கான கழிப்பறை. கட்டியவர் நம் தலைவர். நன்கொடையில் ஒரு செங்கல்லும் வீணாகாமல் கூடவே நின்று கட்டினார். அதற்காக அவரை இந்த மேடையிலேயே வணங்குகிறேன். வந்த வினை என்ன தெரியுமா? அது நன்றாகக் கட்டப்பட்டதுதான்! மறு மாதமே முன்னாள் மாணவர்கள், பள்ளி ஆண்டு விழாவுக்கென்று பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கித் தந்தார்கள். அவற்றை எங்கே வைப்பது? நூலகம் ஒழுகும். ஆய்வகத்துக்குப் பூட்டில்லை. பள்ளியிலேயே ஒழுகாத, பூட்டக்கூடிய இடம் அது ஒன்றுதான். "நாலு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்றார்கள். நாற்காலிகள் குடியேறின. போன ஆண்டு விழாவும் முடிந்து, இந்த ஆண்டு விழாவும் வந்துவிட்டது. அந்த நாலு நாள் மட்டும் இன்னும் முடியவில்லை.

எங்களுக்கென்ன? ஆண்பிள்ளைகளுக்கு ஊரெல்லாம் சுவர். பெண்பிள்ளைகளுக்கு? ஆசிரியைகள் அறையில் இருக்கும் ஒன்றே ஒன்று. அதற்கும் வகுப்பில் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழ அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் என்னைப் போன்ற நாலு பேர் சிரிப்போம். அதனால் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

என் வகுப்புத் தோழி ஷபானா. சதுரங்கப்பட்டினம். விடியலில் பேருந்து ஏறி, பொழுது சாய்ந்து வீடு திரும்பும் வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டாள். வேதியியலில் வகுப்பிலேயே முதல். அரையாண்டுத் தேர்வில், வேதியியல் தாள் பாதியில் இருக்கும்போதே, விடைத்தாளின் மேல் சரிந்து விழுந்தாள். சிறுநீரகத்தில் தொற்று என்றார் மருத்துவர். இப்போது தேறிவிட்டாள், ஆனால் பள்ளிக்கு வரவில்லை. வரும் மாதம் பொதுத்தேர்வு. "உசுரு கீது, அது போதும். பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்கிறார் அவள் அம்மா.

என்ன ஐயா அங்கே? "வயசுப் பொண்ணு பேரை மேடையில சொல்லலாமா" என்கிறீர்களா? நியாயமான கேள்வி. நானும் அவளிடம் கேட்டேன். என்ன சொன்னாள் தெரியுமா? "பேரச் சொல்லு உப்பிலி. சொல்லலன்னா யாரோ ஒரு பொண்ணும்பாங்க. யாரோ ஒரு பொண்ணுன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கும்னு வுட்டுடுவாங்க."

அவள் அம்மா இன்று வந்திருக்கிறார். விழா பார்க்க வரவில்லை; மகளைத் தேர்வுக்கு அனுப்பப் போவதில்லை என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். அதோ, வேப்பமரத்தடியில் நிற்கிறார். உட்காருங்கள் என்று இரண்டு முறை நாற்காலி கொண்டுபோய்க் கொடுத்தோம். "எம் பொண்ணு எடத்தப் புடிச்சிகினு கீற சேரு அது. அதுல நான் உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆம் பெரியோர்களே! நீங்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பது அந்த நாற்காலிகளில்தான். பதற வேண்டாம், உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். இந்த நிமிடம் அந்த அறை காலி. ஆண்டில் இன்று ஒருநாள்தான் அது காலி. விழா முடிந்ததும் மறுபடி அடுக்கினால், அடுத்த ஆண்டு விழா வரை அது கழிப்பறை அல்ல, நாற்காலிகளின் நல்ல இல்லம்! பெண்பிள்ளைகளின் உடம்பைவிடப் பிளாஸ்டிக் பெரிதா? மழையில் நாற்காலி நனையக் கூடாது; மாணவி மயங்கி விழலாமா? மேடையில் மங்கையரை வாழ்த்திவிட்டு மேடையிலிருந்து இறங்கி அவர்கள் கதவைப் பூட்டுவதா?

தலைவர் அவர்களே, உங்கள் அரிசி ஆலையில் ஒரு மூலை... என்ன ஐயா? மைக்கை உங்கள் பக்கம் திருப்புகிறேன், எல்லோருக்கும் கேட்கட்டும்.

கேட்டீர்களா? "மில்லுல எடம் கீதுப்பா. இத இத்தினி நாளா ஒருத்தனும் எங்கிட்ட சொல்லலியே" என்கிறார் தலைவர். கைதட்டுங்கள்! போதும், போதும். தலைவர் மடியிலிருந்து அந்தக் கழிப்பறையின் சாவியை எடுக்கிறார்; கட்டிய நாளிலிருந்து ஒரு சாவி அவரிடம்தான் இருக்கிறது. கைதட்டலில் அது கீழே விழுந்துவிடப் போகிறது.

அம்மா, வேப்பமரத்தடியில் நிற்கும் அம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "மொதல்ல தொறந்து காட்டு. தண்ணி வருதான்னு பாத்துட்டு அப்பால சொல்றேன்" என்கிறார். நூறு மேடைப்பேச்சுக்கு இந்த ஒரு வாக்கியம் ஈடு! நாங்கள் பேசினோம். அவர் பார்க்க வேண்டும் என்கிறார். அவர் கேட்பதுதான் சரி.

ஆகவே நான் முடிக்கிறேன். சொல் தந்த தமிழ் மன்றத்துக்கும், சாவி தந்த தலைவருக்கும், பெயர் தந்த ஷபானாவுக்கும் நன்றி. எழும்போது அவரவர் நாற்காலியை அவரவரே தூக்கிக்கொண்டு எழுங்கள். ஆலைக்குக் கொண்டுபோக வாசலில் டிராக்டர் நிற்கிறது. ஏன் முன்கூட்டியே வரவழைத்தாய் என்று உடற்பயிற்சி ஆசிரியர் தாவீது ஐயா என்னை நாளை விளையாட்டு மைதானத்தில் விசாரிக்கட்டும். ஷபானாவின் அம்மா முன்னே நடக்கட்டும், தலைவர் சாவியோடு பின்னே வரட்டும். கதவு திறந்து, குழாயைத் திருகிப் பார்த்து, அவர் சொல்லப்போகும் பதில்தான் இந்த விழாவின் நிறைவுரை. அனைவருக்கும் வணக்கம்.