வால் மாத்தின ஃபைல்

ஐயோ, தட்டிடாதீங்க அண்ணா! இப்படித்தான் எங்க வீட்ல ஆளாளுக்குத் தட்டித் தட்டி இந்த லேப்டாப்பை உங்க கடைவரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க. இல்ல, நிக்கறேன். உக்காந்தா எந்திரிக்கறது பெரும்பாடு.

ஒரே ஒரு ஃபைல். மெயில்ல வந்துச்சு. திறக்கமாட்டேங்குது. முதல்ல அவ்வளவுதான் பிரச்சினை. எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணார் தெரியுமா? பேருக்குப் பின்னாடி புள்ளி வச்சு மூணெழுத்து வால் ஒண்ணு இருக்குல்ல, அதை அழிச்சுட்டு ஃபோட்டோவோட வாலை ஒட்டிட்டார். இப்ப ஃபோட்டோ ஆயிடும் பாருன்னு பெருமை வேற. பூனைக்கு நாய்வால் ஒட்டினா குரைக்குமாண்ணா?

நாத்தனார் அவ பங்குக்கு லெட்டர் அடிக்கற புரோகிராம்ல திறந்தா. பக்கம் பக்கமா கட்டமும் கேள்விக்குறியும். சேமிக்கவான்னு அது கேக்குது, இவ ஆமான்னு அழுத்தப் போறா! கையைப் பிடிச்சு இழுத்தேன். சேமிச்சிருந்தா போயிருக்குமா? பாத்தீங்களா, நான் இழுத்தது நல்லதாப் போச்சு.

அப்புறம் எந்த ஃபைலையும் திறக்கும்னு எங்கிருந்தோ எதையோ இறக்கினார் இவர். ஃபைல் திறக்கலை, விளம்பரம்தான் திறக்குது. ஒண்ணை மூடினா ரெண்டு வருது. ஆபீஸ்ல ஒருத்தர், வைரஸ்மா, யோசிக்காம அழிச்சுடுன்னார். எல்லாருக்கும் அழிக்கத்தான் அவசரம்.

ம்? மெயில்ல வந்தது வந்தபடியே இருக்கு. அதுல யாரையும் கை வைக்க விடலை. அதைப் புதுசா எடுத்துக்கலாமா? வைரஸ் இருக்கான்னு பாத்துட்டுத்தானே திறப்பீங்க? சரி சரி, உங்களுக்குப் போய்ச் சொல்லித் தரேன் பாருங்க. பதட்டம்ணா.

அனுப்பினது தெரிஞ்சவங்கதான். கூடப் பொறந்த அக்கா. ஒரு ஃபோன் போட்டுக் கேட்டா முடிஞ்சுது, எனக்கும் தெரியும். நாங்க பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. மெயில்லயும் ஒரு வார்த்தை இல்லை, வெறும் ஃபைல். திட்டியிருந்தாக்கூட படிச்சிருப்பேன்.

அக்கா என்ன தொழிலா? அட, இதை ஒருத்தரும் கேக்கலையே! தைப்பா. துணியில பூப்போடறது, பேர் போடறது... அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? ஓ, டிசைனைக் கம்ப்யூட்டர்ல பண்ணிக் குடுத்தா மிஷினே தைச்சுடுமா? அந்த வால் எம்ப்ராய்டரி டிசைனோடதா? அடப்பாவி மனுஷா, அதைத்தானேய்யா அழிச்சே! உங்களை இல்லண்ணா, எங்க வீட்டுக்காரரை.

பாக்கறதுக்குன்னே புரோகிராம் இருக்கா? மிஷின் கம்பெனியோட சொந்தப் பக்கத்துலயே கிடைக்குதா? அப்ப தைரியமா போடுங்க.

வருது... கோடு கோடா வருது. என்னதிது, வாத்தா?

மூக்கா? இல்லண்ணா, ஃபைல் ஒண்ணும் கெடலை. அது கோணல்தான். சின்ன வயசுல என் கவுன்ல அவ முதல்முதலா தைச்ச வாத்து. கோணமூக்கின்னு அவளை நான் ஓட்டாத நாள் இல்லை. மெனக்கெட்டு அதே கோணலை வரைஞ்சிருக்கா, பாருங்களேன்.

அளவு போட்டிருக்கா? அவ்வளவு சின்னதா... அப்ப பாப்பா குல்லாவுக்குத்தான்.

போன வாரம் நான்தான் முதல்ல அவளுக்கு ஒரு வரி மெயில் எழுதினேன், எனக்கு ஏழாம் மாசம்னு. நீங்கதான் என் வயித்தைப் பாக்கறீங்களே.

மூடிடாதீங்கண்ணா, அப்படியே இருக்கட்டும். வாசல்ல நின்னு ஒரு ஃபோன் பேசிட்டு வந்துடறேன்.