வேணும்னுதான் உட்டுட்டேன்

காப்பித்தூள் விற்பது எளிதில்லை ஐயா, அதுவும் இந்த மலையில். பாதிப் பேர் வீட்டிலேயே வறுத்து அரைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் சந்திரசேகர் தன் காப்பித்தூளின் பெயரை எங்கள் வெள்ளக்கடை கிரிக்கெட் அணியின் சட்டையில் அச்சடித்தார். அணியின் ரசிகர் பக்கத்தை நடத்துவது நான். கால் சென்டர் வேலையை விட்டுவிட்டு வந்தபிறகு எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஜெயித்தால் ரசிகன் ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். தோற்றால் இரண்டு நாள் பக்கத்திலேயே கிடக்கிறான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சீசன் ஆனது.

குப்பனூரோடு இறுதிப்போட்டி. கடைசிப் பந்தில் எங்கள் அணியின் மேக்ஸ்வெல் கேட்சை விட்டான். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். போனை அவன் முன்னால் நீட்டினேன்.

"புடிக்க வேணும்னுதான் பாஞ்சேனுங்க. வெயிலு கண்ணுல அடிச்சுது. உட்டுட்டேன்."

எங்கள் ஊர்ப்பக்கம் 'புடிக்கோணும்' என்று ஒரே சொல்லாகத்தான் சொல்வோம். போனைப் பார்த்ததும் அவனுக்கு மரியாதை வந்துவிட்டது, பிரித்துச் சொன்னான். பிரித்துச் சொன்னதால் வெட்ட முடிந்தது. முதல் சொல்லை எடுத்தேன், நடுவில் பாய்ந்ததையும் வெயிலையும் எடுத்தேன். மிச்சம்: "வேணும்னுதான் உட்டுட்டேன்."

ஒரே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். "அக்காவைக் கட்டிக் குடுத்த ஊருக்குக் கோப்பையையும் குடுத்துட்டான்" என்று ஒருவர் எழுதினார். நல்ல வரி. அவனுடைய அக்கா ஆன்மேரி குப்பனூரில்தான் இருக்கிறார். சந்திரசேகர் கூப்பிட்டு, "நொம்ப நல்லாப் போகுதுங்க தம்பி, சட்டையில நம்ம காப்பித்தூள் பேருதான் சரியாத் தெரியலை" என்றார். சரிசெய்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேக்ஸ்வெல் போன் செய்தான்.

"ஏனுங்ணா, நான் சொன்னதை முச்சூடும் போடுங்ணா. எஸ்டேட் லைன் ஊடுகள்ல ஒருத்தரும் எங்கூடப் பேச மாட்டேங்கறாங்க. சர்ச்சுல எங்கம்மா பக்கத்துல யாரும் உக்கார்றதில்ல."

"போடறேன் சாமி. இப்ப எங்க இருக்கறே?"

"அக்கா ஊட்டுக்குக் கெளம்பிட்டனுங்ணா. நாலு நாளைக்கு அங்க இருந்துட்டு வாரேன்."

அப்போது வீடியோவைப் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். ரசிகனைக் கேள்வி கேட்டால் நிற்பான். ஒரு வாக்கெடுப்பு வைத்தேன்: 'மேக்ஸ்வெல் எந்த ரோட்டில் மலை இறங்குகிறான்? சேலமா, குப்பனூரா?' பத்து நிமிடத்தில் ஆயிரம் பேர் வாக்களித்தார்கள். ஒருவர், "தெரிஞ்சா சொல்லுங்க, மறிச்சுக் கேட்டுக்கறோம்" என்று எழுதினார். அந்தக் கமெண்டை எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே நிறுத்தினேன். கீழே சரியான விடையைப் போட்டேன். விடை சொல்லாத வாக்கெடுப்பை ரசிகன் மன்னிக்க மாட்டான்.

மூன்று பைக்குகள் அவனை விரட்டின. யாரும் அவனைத் தொடவில்லை என்று எஃப்.ஐ.ஆரில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வளைவில் அவன் வண்டி திரும்பவில்லை. கீழே பாறை.

என்ன நடக்கும் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். விரட்டுவார்கள் என்று தெரியும், அந்த ரோடும் தெரியும். விடையைப் போட்டபின் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

ஆனால் அவன் கேட்டதை நான் மறக்கவில்லை ஐயா. அடக்கம் முடிந்த அன்றே அவன் பேசியதை முழுசாகப் போட்டேன், ஒரு சொல் வெட்டாமல். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். எல்லோரும் அவனை மன்னித்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது போட்டிருந்தால் முந்நூறு பேர் பார்த்திருப்பார்களா?